தவணைக்கு வாங்கிய உழவு இயந்திரம்: பிணக்கு வந்தால் என்ன செய்வது?

ஊர் திரும்பிக் கூரையைப் போட்டு, கிணற்றை இறைத்து, வயல் வரம்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பழைய முகவரிக்கு ஒரு கடிதம் வந்து சேரும். இடம்பெயர்வதற்கு முன் தவணைக்கு எடுத்த லேண்ட்மாஸ்டருக்கு, நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு, அல்லது சூடடிக்கும் இயந்திரத்துக்கு இன்னும் இவ்வளவு பாக்கி என்று அதில் இருக்கும். இயந்திரம் 2006 ஆகஸ்டில் வயலிலேயே விடப்பட்டிருக்கலாம். ஒப்பந்தம் எழுதியவர் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம். ஆனால் கடிதம் வந்துவிடும்.

கிண்ணியாவுக்கும் மூதூர்ப் பக்கத்துக்கும் திரும்பும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்பட்டுள்ளது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பிறகு திருகோணமலைக்குப் போய்வருவது எளிதாகிவிட்டது. அதே பாலத்தால் விற்பனையாளரும் நிதி நிறுவன முகவரும் வயலுக்கே வருகிறார்கள். ஆகவே பழைய பாக்கி, புதிய ஒப்பந்தம் இரண்டையும் பற்றி இங்கே பேசுகிறோம்.

பாடம் முழுவதற்கும் ஒரே விதிதான் அடிப்படை: என்ன பத்திரத்தில் ஒப்பமிட்டீர்கள், கணக்கு இன்று எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் அறியும்வரை ஒரு ரூபாவும் கட்ட வேண்டாம், ஒரு கையொப்பமும் இட வேண்டாம். அறிந்த பிறகு ஒளிந்திருக்கவும் வேண்டாம்.

1. உங்கள் கையிலுள்ள பத்திரம் எது?

ஊரில் எல்லாவற்றையும் "லீசிங்" என்றே சொல்கிறோம். சட்டத்தின் கண்ணில் அவை வெவ்வேறானவை. எந்த வகை என்பதைப் பொறுத்தே உங்கள் உரிமையும் மாறும்.

வாடகைக் கொள்வனவு: தவணைகள் முடியும்வரை இயந்திரம் நிறுவனத்துக்குச் சொந்தம். நீங்கள் வாடகைக்கு எடுத்தவர். கடைசித் தவணையைக் கட்டி, கொள்வனவு செய்யும் உரிமையைப் பயன்படுத்தியதும் அது உங்களுடையதாகும். 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் இதற்குரியது.

நிதிக் குத்தகை: லீசிங் என்ற சொல் சரியாகப் பொருந்துவது இதற்குத்தான். நிறுவனம் இயந்திரத்தை வாங்கி, குறித்த காலத்துக்கு உங்களிடம் பயன்படுத்தத் தருகிறது. உரிமை நிறுவனத்திடமே இருக்கும். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. இத்தொழிலைச் செய்யும் நிறுவனம் இலங்கை மத்திய வங்கியில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

கடனும் ஈடும்: வங்கியிடம் கடன் பெற்று நீங்களே வாங்குகிறீர்கள். இயந்திரம் உங்களுடையது. ஆனால் அது வங்கிக்கு ஈடாக நிற்கிறது.

கடைக்காரரின் தவணை விற்பனை: கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு இயந்திரத்தைத் தருகிறார். சிறிய பம்புகளும் மருந்தடிக்கும் இயந்திரங்களும் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகின்றன. அதிகப் பிணக்கு வருவதும் இங்கேதான். ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் காகிதம் குறைவு.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் முறாபஹா அல்லது இஜாரா முறையில் எடுத்திருக்கலாம். முறாபஹாவில் நிறுவனம் பொருளை வாங்கி, இலாபத்தைச் சொல்லிச் சேர்த்து, ஒரே நிலையான விலைக்கு உங்களுக்கு விற்கிறது. இஜாராவில் அது பொருளை வாடகைக்குத் தருகிறது. பெயர் வேறானாலும் பத்திரத்தை வாசிப்பதும் பற்றுச்சீட்டை வைத்திருப்பதும் இவற்றுக்கும் அதே அளவு அவசியம்.

உங்கள் பத்திரம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருக்கலாம். "எனக்கு அந்த மொழி தெரியாது, ஆகவே என்னைக் கட்டுப்படுத்தாது" என்று நினைக்க வேண்டாம். ஒப்பமிட்டவர் வாசித்து ஒப்பமிட்டதாகவே நீதிமன்றம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். ஏமாற்றி ஒப்பம் வாங்கியதைக் காட்ட முடிந்தால்தான் நிலைமை மாறும். அதைக் காட்டுவதும் எளிதல்ல.

பத்திரம் தொலைந்துவிட்டதா? இடம்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்ததாகப் பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாட்டைப் பதிந்து, அதன் பிரதியோடு நிறுவனத்திடம் உடன்படிக்கையின் பிரதியைக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதமும் உதவும்.

2. இயந்திரம் யாருடையது?

உழவு இயந்திரமும் லேண்ட்மாஸ்டரும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்படும் வாகனங்கள். பதிவுச் சான்றிதழில் பதிவு செய்த உரிமையாளர், முழு உரிமையாளர் என்று இரண்டு இடங்கள் உண்டு. முதலாவதில் உங்கள் பெயரும் இரண்டாவதில் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், தவணை முடிந்து நிறுவனம் தன் பெயரை நீக்கும்வரை இயந்திரத்தை விற்கும் உரிமை உங்களிடம் இல்லை. எல்லாத் தவணையையும் கட்டி முடித்த சிலர் பெயர் நீக்கும் கடிதத்தை வாங்க மறந்துவிடுகிறார்கள். பல வருடம் கழித்து விற்கப் போகும்போதுதான் அது தெரியவருகிறது.

நம் ஊர்களில் நடக்கும் ஒரு பழக்கம் பெரும் துன்பத்தில் முடிகிறது. அகதி முகாமுக்குப் போகுமுன், அல்லது காசு தேவைப்பட்ட நேரத்தில், "மிச்சக் கட்டுக்காசை நீ கட்டிக்கொள்" என்று உறவினரிடமோ அயலவரிடமோ இயந்திரத்தைக் கொடுத்துவிடுவது. நிறுவனத்துக்கு அந்த உறவினரைத் தெரியாது. அவர் கட்டாவிட்டால் கடிதமும் வழக்கும் உங்கள் பெயருக்கே வரும். அவர் இயந்திரத்தை மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால், நிறுவனத்தின் சொத்தை விற்றதாக விடயம் குற்ற வழக்காகவும் மாறலாம்.

இது நம் நாட்டில் மட்டும் வந்த சிக்கல் அல்ல. 1895இல் லண்டனில் இப்படி ஒரு வழக்கு மேல்நிலை வரை போனது. ஒருவர் பியானோ ஒன்றை 36 மாதத் தவணைக்கு எடுத்தார். சில மாதங்களிலேயே அதை அடகுக் கடையில் வைத்துவிட்டார். தவணை முடியாததால் பியானோ இன்னும் விற்பனையாளருக்கே சொந்தம், அடகு பிடித்தவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பானது. ஹெல்பி எதிர் மத்தியூஸ் என்ற அந்த வழக்கை வாடகைக் கொள்வனவுச் சட்டம் படிப்போர் இன்றும் படிக்கிறார்கள். பியானோ இருந்த இடத்தில் லேண்ட்மாஸ்டரை வைத்துப் பாருங்கள், நிலைமை விளங்கும்.

நீங்கள் இயந்திரத்தை அப்படிக் கொடுத்திருந்தால், இன்றே அந்த உறவினரோடு போய் நிறுவனத்தைச் சந்தியுங்கள். ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்ற நிறுவனம் உடன்பட்டால் அதை எழுத்தில் பெறுங்கள். நிறுவனத்தின் எழுத்து இல்லாத மாற்றம் மாற்றமே அல்ல.

3. இடம்பெயர்ந்த காலத்துக் கணக்கு

"யுத்த காலத்தில் கட்ட முடியாமற் போனதற்கு நான் பொறுப்பா?" இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. இடம்பெயர்வு என்ற காரணத்தால் மட்டும் ஒப்பந்தம் தானாக இரத்தாகிவிடாது. அதற்காக நிறுவனம் கேட்கும் தொகை முழுவதும் சரியானது என்றும் பொருளல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பேசுவதற்கு இடம் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். லேண்ட்மாஸ்டரும் பெட்டியும் சேர்ந்து விலை 400,000 ரூபா. முற்பணம் 100,000 ரூபா கட்டினார்கள். மிச்சம் 300,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 18 வீத வட்டி, 2 ஆண்டுகள். வட்டி 108,000 ரூபா. மொத்தம் 408,000 ரூபாவை 24ஆல் பிரித்தால் மாதத் தவணை 17,000 ரூபா. 2006 ஜூலை வரை 12 தவணை கட்டினார்கள். ஆகஸ்டில் வீட்டை விட்டு ஓடினார்கள்.

இவர்களுக்கு வந்த கடிதத்தில் ஒரே ஒரு பெரிய தொகை எழுதப்பட்டிருந்தால், அதை மூன்றாகப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும்.

முதலாவது, கட்டாத தவணைகள். 12 தவணை, 204,000 ரூபா. இது பற்றுச்சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய தொகை. முகவரின் கையில் கொடுத்த தவணை ஒன்று கணக்கில் ஏறாமல் இருப்பது அரிதல்ல.

இரண்டாவது, தாமத வட்டி. எந்த வீதத்தில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை கணக்கிட்டார்கள்? அந்த வீதம் உடன்படிக்கையில் உள்ளதா? வட்டிக்கு மேல் வட்டி போடப்பட்டதா?

மூன்றாவது, ஏனைய செலவுகள். கடிதச் செலவு, சட்டச் செலவு, பார்வையிடல் செலவு என்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேளுங்கள்.

இடம்பெயர்ந்திருந்த காலத்துக்கான தாமத வட்டியைக் குறைக்கும்படியோ முற்றாக விடும்படியோ கேட்பதற்கு உங்களிடம் நல்ல காரணம் இருக்கிறது. பிரதேச செயலகத்திலிருந்து இடம்பெயர்ந்த திகதியும் திரும்பிய திகதியும் காட்டும் கடிதத்தைப் பெற்று இணையுங்கள். நிறுவனம் கட்டாயம் விடவேண்டும் என்பதல்ல. ஆனால் ஆதாரத்தோடு எழுத்தில் வரும் வேண்டுகோளுக்கும், கடை வாசலில் நடக்கும் வாக்குவாதத்துக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

இயந்திரமே அழிந்தோ காணாமற் போயோ இருந்தால், காப்புறுதிப் பத்திரத்தைத் தேடுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதி யுத்தச் சேதத்தை ஏற்காது. ஆனால் கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பு நம் நாட்டில் உண்டு. அதற்கும் சேர்த்துக் கட்டணம் அறவிடப்பட்டதா என்று பாருங்கள். கோரிக்கையைக் குறித்த காலத்துக்குள் கொடுக்க வேண்டியிருப்பதால் தாமதிக்க வேண்டாம். நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்றும் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

காலம் பற்றிய ஒரு முக்கிய விடயம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் பொது விதிப்படி, எழுத்திலான ஒப்பந்தத்தின் பேரில் வழக்குத் தொடர 6 ஆண்டுகள் உண்டு. எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3 ஆண்டுகள். ஆனால் கடனை ஒப்புக்கொண்டு ஒரு கடிதத்தில் நீங்கள் ஒப்பமிட்டால் அந்தக் காலம் புதிதாக எண்ணப்படலாம். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டினாலும் அப்படி நேரலாம். "காக்கா, இதில் ஒரு கையெழுத்தை மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று யாராவது காகிதத்தை நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் தவணை கேட்டு, முதலில் சட்ட ஆலோசனை பெறுங்கள். அதேவேளை, பணத்துக்கான வழக்கின் காலம் கடந்துவிட்டால் இயந்திரம் தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று நீங்களாகவே முடிவுசெய்யவும் வேண்டாம். அவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

4. ஒப்பமிட்டவர் இன்று இல்லை என்றால்

கணவரோ தகப்பனோ எடுத்த கடன், அவர் இறந்தால் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து அறவிடப்பட வேண்டியது. மனைவி என்பதற்காக மட்டும் உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டும் பொறுப்பு வராது. ஆனால் நீங்களும் கூட்டாகவோ பிணையாகவோ ஒப்பமிட்டிருந்தால் பொறுப்பு உங்களுக்கும் உண்டு. ஆகவே பத்திரத்தில் உங்கள் கையொப்பம் எந்த இடத்தில், எந்தப் பெயரில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இறந்தவரின் கடனுக்கு ஆயுட் காப்புறுதி எடுக்கப்பட்டிருந்ததா என்றும் கேளுங்கள். இருந்தால் மிச்சக் கடனை அது தீர்க்கலாம்.

ஒருவர் காணாமற் போய் ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், மரணத்தைப் பதிய 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வழி செய்தது. அப்படிப் பதிவதா இல்லையா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஒரு தவணைக் கணக்கை முடிப்பதற்காக யாரும் உங்களை அதற்கு வற்புறுத்தக் கூடாது.

5. பிணை நின்றவர்களுக்கு

"சும்மா ஒரு ஒப்பந்தான்" என்று சொல்லித்தான் பெரும்பாலும் பிணைக்குக் கேட்பார்கள். நம் நாட்டில் நடைமுறையிலுள்ள ரோமன் டச்சுச் சட்டம் பிணையாளருக்கு இரண்டு பாதுகாப்புகளைத் தருகிறது. முதலில் கடன்பட்டவரிடம் அறவிடப் பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள் என்று கேட்கலாம். பல பிணையாளர் இருந்தால் என் பங்கை மட்டும் கேளுங்கள் என்றும் சொல்லலாம். ஆனால் நிறுவனங்களின் அச்சிட்ட படிவங்களில் இந்த இரண்டையும் விட்டுக்கொடுப்பதாக ஒரு வரி வழமையாக இருக்கும். அதில் ஒப்பமிட்டவரிடம் நிறுவனம் நேராகவே வரலாம், முழுத் தொகையையும் கேட்கலாம்.

நீங்கள் பிணையாளராகக் கட்ட நேர்ந்தால், கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் உங்கள் பெயரில் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அந்தத் தொகையைக் கடன்பட்டவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கடன் எடுத்தவர் நீங்களானால், உங்களுக்குப் பிணை நின்றவரிடம் மறைக்காமல் நிலைமையைச் சொல்லுங்கள். கடிதம் அவர் வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு சொன்னால், கடனோடு உறவும் போய்விடும்.

6. இயந்திரத்தை எடுத்துச்செல்ல வரும்போது

தவணை தவறினால் நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்து இயந்திரத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்கும் ஒரு முறை உண்டு. முன்னறிவித்தல் தரப்பட வேண்டும். வாடகைக் கொள்வனவில் விலையின் பெரும்பகுதியைக் கட்டியவருக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே நீங்கள் இதுவரை கட்டியது மொத்த விலையில் எத்தனை வீதம் என்று கணக்கிட்டுக்கொண்டு சட்ட ஆலோசனைக்குப் போங்கள். மேலே சொன்ன உதாரணக் குடும்பம் முற்பணத்தோடு சேர்த்து 304,000 ரூபா கட்டியிருக்கிறது. முழுத் தொகை 508,000 ரூபா. அதாவது ஏறக்குறைய 60 வீதம்.

யார் வந்தாலும் உங்கள் வீட்டுக்குள்ளோ வளவுக்குள்ளோ பலவந்தமாக நுழையவும் அச்சுறுத்தவும் அவர்களுக்கு உரிமை இல்லை. அப்படி நடந்தால் பொலிஸில் முறையிடுங்கள். நீங்களும் கைகலப்பில் இறங்க வேண்டாம். இயந்திரத்தைக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளிக்கவும் வேண்டாம். ஒளித்தது தெரியவந்தால், உங்கள் பக்கத்து நியாயத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

வந்தவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்: அடையாள அட்டை, நிறுவனத்தின் அதிகாரக் கடிதம், முன்னறிவித்தல் அனுப்பியதற்கான ஆதாரம். இயந்திரத்தைக் கொடுக்க நேர்ந்தால் எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம், டயர், கலப்பை, பெட்டி, ரொட்டவேட்டர் எல்லாவற்றையும் எழுதி இரு பக்கமும் ஒப்பமிட்ட பட்டியல் ஒன்று வேண்டும். நீங்கள் தனியாக வாங்கிப் பூட்டிய கலப்பை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அது உங்களுடையது. அதைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

இயந்திரம் போனதோடு கடனும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. நிறுவனம் அதை விற்று, விற்ற பணத்தைக் கடனில் கழித்து, குறையும் தொகையை உங்களிடம் கேட்கலாம். ஆகவே எப்போது, எந்த விலைக்கு விற்றார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அறுவடை நெருங்கும் காலத்தில் ஒரு தவணையாவது கட்டி, மிச்சத்துக்குத் திகதி கேட்டு எழுத்தில் உடன்பாடு காண முடிந்தால், இயந்திரம் வயலில் நிற்கும். வயலில் நிற்கும் இயந்திரமே கடனைக் கட்டும்.

7. இயந்திரமே பழுதாக இருந்தால்

புதிய லேண்ட்மாஸ்டர் முதல் போகத்திலேயே நின்றுவிட்டது, பம்பு தண்ணீர் இழுக்கவில்லை. கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறோம். இது நமக்கே ஆபத்தாக முடியும். நிறுவனம் காசு கொடுத்தது, கடைக்காரர் பொருளைக் கொடுத்தார். ஒருவர்மேல் உள்ள கோபத்தை மற்றவரின் தவணையில் காட்டினால், தவணை தவறியவர் என்ற பெயர்தான் உங்களுக்கு வரும்.

1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விற்கும் பொருள் விற்பனைக்கேற்ற தரத்தில் இருக்க வேண்டும். என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பனையாளரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கும் அது பொருந்த வேண்டும். ஆகவே சேற்று வயலுக்கா, மேட்டு நிலத்துக்கா என்பதை வாங்கும்போதே சொல்லி, பற்றுச்சீட்டில் எழுதுவித்துக்கொள்ளுங்கள்.

பழுது தெரிந்த அன்றே விற்பனையாளருக்கு எழுதுங்கள். பிரதியை நிதி நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். உத்தரவாதக் காலத்தில் வெளியாளைக் கொண்டு எஞ்சினைத் திறக்க வேண்டாம். திருத்தக் கொடுத்தால் கொடுத்த திகதியும் திரும்பக் கிடைத்த திகதியும் எழுதிய சீட்டு வாங்குங்கள். பதில் இல்லாவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம்.

8. ஒரு மாதிரிக் கடிதம்

எந்தப் பிணக்கிலும் முதல் வேலை இந்தக் கடிதம்தான். தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் துண்டைக் கடிதப் பிரதியோடு குத்தி வையுங்கள்.

"உடன்படிக்கை இலக்கம் ........ தொடர்பாக. மேற்படி உடன்படிக்கையின் கீழ் நான் பெற்ற இயந்திரத்தின் கணக்கைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். உடன்படிக்கையின் பிரதியையும், நான் இதுவரை கட்டிய தொகைகளின் விபரத்தையும், மிச்சத் தவணை, தாமத வட்டி, ஏனைய செலவுகள் ஆகியவற்றை வெவ்வேறாகக் காட்டும் கணக்கையும் தந்துதவவும். நானும் என் குடும்பமும் ........ முதல் ........ வரை இடம்பெயர்ந்திருந்தோம். பிரதேச செயலகத்தின் உறுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. கணக்கைப் பார்த்த பின் கலந்துபேச விரும்புகிறேன். இக்கடிதம் எந்தத் தொகையையும் நான் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படக் கூடாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மேலே காலவிதிப்பைப் பற்றிச் சொன்ன ஆபத்துக்கு அது ஒரு தடுப்பு.

9. எங்கே போகலாம்?

மத்தியஸ்த சபை: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது. உறவினர், அயலவர், கடைக்காரர், பிணையாளர் இடையிலான பிணக்குகளுக்கு மிகவும் ஏற்ற இடம். மூன்று மத்தியஸ்தர்கள் இரு பக்கத்தையும் கேட்பார்கள். சட்டத்தரணி வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. உடன்பாடு காண உதவுவார்கள். உடன்பாடு வந்தால் எழுதித் தருவார்கள். வராவிட்டால் அதற்குரிய சான்றிதழ் தருவார்கள். அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம்.

சட்ட உதவி ஆணைக்குழு: 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனையும் நீதிமன்றத்தில் சட்டத்தரணியும் தருகிறது. திருகோணமலை நிலையத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, வருமானம் பற்றிய கிராம உத்தியோகத்தரின் கடிதம், கையிலுள்ள எல்லாப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள்.

இலங்கை மத்திய வங்கி: நிறுவனம் பதிவு பெற்றதா என்று அறியவும், பதிவு பெற்ற நிறுவனம் கணக்கைத் தர மறுத்தால் எழுதவும்.

நீதிமன்ற அழைப்பாணை வந்தால் எந்தக் காரணத்துக்காகவும் புறக்கணிக்க வேண்டாம். நீங்கள் போகாவிட்டால், மறுபக்கம் சொன்னதை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வரலாம்.

10. புதிதாக எடுக்குமுன்

18 வீதம் என்று சொன்ன மேலுள்ள கணக்கை மீண்டும் பாருங்கள். வட்டி இரண்டு ஆண்டுக்கும் முழு 300,000 ரூபாவுக்கே போடப்பட்டது. ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் திருப்பிக் கட்டி வருகிறீர்கள். குறைந்துவரும் மிச்சத்துக்கு மட்டும் வட்டி போட்டால், மாதம் 17,000 ரூபா என்பது ஆண்டுக்கு 30 வீதத்துக்கும் மேற்பட்ட வட்டியாகிறது. ஆகவே இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது வீதத்தைக் கேட்டு நின்றுவிடாமல், "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், எல்லாச் செலவும் சேர்த்து மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள்.

நல்ல விளைச்சல் வந்து 12ஆம் மாதத்திலேயே முழுக்கடனையும் தீர்க்க விரும்பினால்? மிச்சத் தவணைகள் 204,000 ரூபா. ஆனால் வராத மாதங்களின் வட்டி அதில் அடங்கியிருக்கிறது. அதைக் கழித்தால் ஏறக்குறைய 30,000 ரூபா குறைய வேண்டும். முன்கூட்டித் தீர்த்தால் எப்படிக் கழிப்பார்கள் என்பதை ஒப்பமிடுமுன் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. தவணை மாதாமாதம் வரும், வேளாண்மைக் காசு மாதாமாதம் வராது. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியிலும் சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாதியிலும்தான் கையில் காசைத் தரும். உழவுக் கூலி வந்தாலும் அது சில வாரத்து வருமானம். இந்தப் பொருத்தமின்மையால்தான் பல தவணைகள் தவறுகின்றன. போகத்துக்கொரு பெரிய தவணையும் இடையில் சிறிய தவணையுமாக அமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், மழை பொய்த்த ஒரு போகத்திலும் உங்களால் கட்டக்கூடிய தொகைக்கு மட்டும் எடுங்கள்.

ஒப்பமிடும் நாளில்:

வெற்றிடம் உள்ள படிவத்தில் ஒப்பமிட வேண்டாம்.
வாயால் சொன்ன வாக்குறுதியைப் பத்திரத்தில் எழுதுவியுங்கள். எழுதிய ஒப்பந்தத்துக்கு எதிராக வாய்ச்சொல்லை நீதிமன்றம் இலகுவில் ஏற்காது.
மொழி தெரிந்த, உங்கள் பக்கத்து ஆள் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். வீட்டுப் பெண்களும் கணக்கைத் தெரிந்திருக்கட்டும்.
எஞ்சின், சேசி இலக்கங்களை இயந்திரத்தில் பார்த்துப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.
பிரதியைக் கையில் வாங்காமல் எழும்ப வேண்டாம்.
முகவரிடம் காசு கொடுத்தால் அப்போதே நிறுவனத்தின் அச்சிட்ட பற்றுச்சீட்டு வேண்டும்.
எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, அடையாள அட்டை, காணி உறுதி வைக்கும் இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும். மீண்டும் ஒரு வெள்ளம் வந்தாலும் அது தப்பும்.

எழுத்தைக் கேட்பது அவநம்பிக்கை என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுமாறு குர்ஆனே சொல்கிறது. பழைய வணிகர்களும் பற்று வரவை ஏட்டில் எழுதி வைத்தார்கள். நட்பு நீடிக்க வேண்டுமானால் கணக்கு எழுத்தில் இருக்கட்டும்.

மீட்டல்: வீட்டில் பேசிப் பாருங்கள்

1. நம் வீட்டிலுள்ள இயந்திரம் எந்த வகைப் பத்திரத்தில் எடுக்கப்பட்டது? பதிவுச் சான்றிதழில் முழு உரிமையாளர் யார்?
2. இதுவரை கட்டிய தவணைகளுக்கு எத்தனை பற்றுச்சீட்டு கையில் உண்டு? எத்தனை இல்லை?
3. நமக்கு யார் பிணை? நாம் யாருக்குப் பிணை?
4. நிறுவனத்தின் கடிதத்திலுள்ள தொகையை மூன்றாகப் பிரிக்க முடிகிறதா?
5. அடுத்த அறுவடைக் காசில் விதைநெல், உரம், பிள்ளைகளின் படிப்பு போக, தவணைக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஐந்தாவது கேள்விக்கு உண்மையான பதில் உங்களுக்கு மட்டுமே தெரியும். அந்தப் பதிலோடு நிறுவனத்தின் முன் போய் அமருங்கள். கட்டக்கூடிய தொகையைத் தெரிந்துகொண்டு பேசுபவரோடுதான் அவர்களும் பேசுவார்கள்.